கைப்பிடிச்சுவரும் முன் சில்லும்: நமது பழைய வெள்ளை வானின் வரலாறு



இந்த ஆண்டு நிறைவு மலரில் நமது சபை தொடங்கிய விதத்தையும், போதகர்மாரின் ஊழியத்தையும், பாடகர் குழுவையும் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் நமது பழைய வெள்ளை வானைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். வானுக்கு என்ன வரலாறு என்று முதலில் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வான் ஓடாத ஞாயிறுகளில் ஆராதனையில் எத்தனை கதிரைகள் வெறுமையாக இருந்தன என்று நினைத்துப் பார்த்தபோது, எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வானைத் தெரியாது. அது உங்கள் அண்ணன்மாரையும் அக்காமாரையும் சுமந்தது. ஒருநாள் அவர்களைப் பெரிய ஆபத்துக்குக் கிட்டக் கொண்டுபோயும் விட்டது. அந்தப் பிழை வானுடையதல்ல, எங்களுடையது. அதை மறைக்காமல் எழுதுவதுதான் வரலாறு.

வான் வந்த கதை

நோர்வேயில் குடியேறிய முதல் தமிழர் என்று சொல்லப்படும் அன்ரனி ராஜேந்திரம் 1956இல் இங்கு வந்தார். 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சீநோர் மீன்பிடித் திட்டத்துக்கு அவரும் அவருடைய நோர்வே நண்பர்களும் காரணமாக இருந்தார்கள். எண்பதுகளில் நாட்டு நிலைமை மோசமானபோது பல இளைஞர்கள் இங்குள்ள மக்கள் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு மாணவர்களாக வந்தார்கள். பலர் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பின்னர் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தன. க்ரோரூட் பள்ளத்தாக்கில், ஸ்டோவ்னர், ஃபூருசெட் பக்கமெல்லாம் நம்மவர்கள் வீடு எடுத்தார்கள்.

நமது சபையாரும் அப்படித்தான் நாலு பக்கமும் சிதறி இருந்தார்கள். ஞாயிறு காலையில் பஸ் குறைவு. முழங்கால் வருத்தம் உள்ள அம்மாமாருக்கு உறைபனியில் நடப்பது பயம். அதனால் சபை ஒரு பழைய ரொயோட்டா ஹைஏஸ் வானை வாங்கியது. சாரதியோடு ஒன்பது பேர் ஏறலாம். சாதாரண கார் அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஓட்டலாம். ஹைஏஸ் 1967இல் ஜப்பானில் முதலில் வெளிவந்த வண்டி. ஊரிலும் அதை அறிந்திருந்தோம். இங்கும் தச்சர்களும் குழாய் வேலைக்காரர்களும் அதைத்தான் நம்பி ஓட்டினார்கள். "ஹைஏஸ் என்றால் பழுதாகாது" என்று ஒரு விசுவாசம் எங்களுக்குள் வளர்ந்துவிட்டது. அது வைக்கக்கூடாத இடத்தில் வைத்த விசுவாசம்.

ஒரு பெப்ரவரி ஞாயிறு

அந்த மாதம் வானின் முன்பக்கத்தில் 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கும்போது நன்றாகக் கேட்கும். வானை ஓட்டிய அண்ணன் இதைச் செயற்குழுவில் சொன்னார். அப்போது நாங்கள் ஒலிபெருக்கி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். "பனிக்காலம் முடியட்டும், பார்ப்போம்" என்று தீர்மானித்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எட்டுப் பிள்ளைகளைச் சறுக்குவண்டி விளையாட ஹொல்மென்கொல்லனுக்கு மேலே ஃப்ரொக்னர்செத்தரனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி இறங்கும்போது, பிறேக்கை மிதித்தால் வான் இடப்பக்கமாக இழுத்தது. சற்று நேரத்தில் எரிந்த மணம் வந்தது. பிறகு மிதி மெத்தென்று ஆழமாக இறங்கத் தொடங்கியது. அண்ணன் சின்னக் கியருக்கு மாற்றி, ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஓரமாக ஓரிடத்தில் நிறுத்தினார். இடது முன் சில்லிலிருந்து புகை வந்தது. அவர் வானை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கடும் குளிரில் ரயில் நிலையத்துக்கு நடத்திப்போய் ரயிலில் கூட்டிவந்தார்.

அன்று அவருக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு. "பிள்ளைகளைக் குளிரில் நடக்க வைத்துவிட்டாரே" என்றார்கள் சிலர். "ஜெபம் பண்ணித்தானே வானை எடுத்தோம், மெல்ல ஓட்டி வந்திருந்தால் கர்த்தர் காத்திருப்பார்" என்றார் ஒருவர். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு நாள் கழித்து, கராஜில் வானைத் தூக்கிக் காட்டியபோதுதான் எங்கள் வாய் அடைத்தது.

எங்கள் சபையில் ஒரு மெக்கானிக் மாமா இருந்தார். அவர் வேலை செய்த கராஜில்தான் வானைத் தூக்கி வைத்திருந்தார். வலது முன் சில்லின் மேல் விளிம்பை ஒரு கையாலும் கீழ் விளிம்பை மறு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடக்கூடாத சில்லு கண்ணுக்குத் தெரிய ஆடியது. கீழ் 'போல் ஜொயின்ற்' தேய்ந்திருந்தது. அது நமது இடுப்பு மூட்டைப் போன்றது. ஒரு இரும்புக் குண்டு ஒரு கிண்ணத்துக்குள் இருந்து திரும்பும். சில்லு மேலும் கீழும் அசையவும் இரண்டு பக்கமும் திரும்பவும் அந்த மூட்டுத்தான் வழிவிடுகிறது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் உறை, உள்ளே கிறீஸ். அந்த உறை கிழிந்திருந்தது. ஒஸ்லோவில் பனிக்காலத்தில் றோட்டில் போடும் உப்புக் கரைந்த தண்ணீர் உள்ளே போய், கிறீஸைக் கழுவி, இரும்பைத் தின்றிருந்தது. அந்தக் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றிருந்தால், சில்லு வெளிப்பக்கமாகச் சரிந்து வான் றோட்டில் முகம் குத்தியிருக்கும்.

இடது பக்கம் வேறு கதை. அங்கே பிறேக்கைப் பிடிக்கும் 'கலிப்பர்' துருவேறி இறுகி, மிதியை விட்ட பிறகும் சில்லை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. உள்பக்கத்து பிறேக் பாட் தேய்ந்து வெறும் இரும்புத் தகடு மட்டும் மிஞ்சியிருந்தது. டிஸ்க் சூட்டினால் நீலம் பாரித்திருந்தது. பிறேக் திரவம் தேநீர் நிறத்தில் இருந்தது. அதை எப்போது மாற்றினோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஈயூ கொன்ட்ரோலில் தேறிய வான் அல்லவா?" என்று ஒருவர் கேட்டார். நோர்வேயில் இப்படிப்பட்ட வண்டிகளை முதலில் நான்காம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். நமது வான் தேறித்தான் இருந்தது. ஆனால் தேறி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும். இன்றைக்கு இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எழுதினால் அது இன்றைக்குத்தான். அடுத்த இரண்டு வருடத்துக்கு அது உறுதிச் சீட்டு அல்ல.

பிறேக் எப்படி வந்தது?

பிள்ளைகளே, ஊசி இல்லாத இரண்டு சிறிஞ்சுகளை எடுத்து, ஒரு சின்னக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒன்று சிறிதாகவும் மற்றது பெரிதாகவும் இருக்கட்டும். சிறியதை அழுத்தினால் பெரியது கொஞ்சத் தூரம்தான் நகரும், ஆனால் அதிக பலத்தோடு நகரும். அடைத்து வைத்த திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போகும் என்ற இந்த உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து பிளேஸ் பஸ்கால் விளக்கினார். அவர் விஞ்ஞானி மட்டுமல்ல, ஆழ்ந்த கிறிஸ்தவ சிந்தனையாளரும்கூட. வானின் பிறேக் இதே வேலையைத்தான் செய்கிறது. சாரதியின் கால் சிறிய சிறிஞ்சை அழுத்துகிறது. சில்லுகளில் உள்ள பெரிய சிறிஞ்சுகள் பிறேக்கை இறுக்குகின்றன.

இப்போது குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு அழுத்திப் பாருங்கள். காற்று நசுங்கும், பெரிய சிறிஞ்சு சரியாக நகராது. அந்த ஞாயிறு மிதி மெத்தென்று போனது இதனால்தான். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். இன்று பரவலாகப் பாவிக்கும் 'டொட் 4' என்ற தரத்தின்படி, புதிய திரவம் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. திரவம் கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் மிதியில் பலம் இருக்காது.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? இரண்டு தொன் எடையுள்ள வான் 400 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதையும் பிறேக் மட்டும் தாங்கினால், அந்தச் சூட்டில் 20 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஆகையால்தான் இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்கி, பிறேக்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். வேகமும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது.

மனிதர் வண்டியை ஓட வைக்கக் கற்றுக்கொண்ட வேகத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை. 1902இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லன்செஸ்ரர் டிஸ்க் பிறேக்குக்கு உரிமம் பெற்றார். ஆனாலும் அது பரவப் பல பத்தாண்டுகள் சென்றன. 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சில்லுக்கும் திரவ பிறேக் பூட்டி வந்தது. 1953இல் பிரான்சில் நடந்த லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. பின்னர் வந்த வண்டிகளில் திரவக் குழாய்களை இரண்டு தனி வழிகளாகப் பிரித்தார்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது நிறுத்தும். இந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால், நிறுத்த முடியாமல் போன யாரோ ஒருவருடைய கதை இருக்கிறது.

மாமா கற்ற இடம்

மெக்கானிக் மாமா இந்த வேலையைக் கற்றது நோர்வேயில் அல்ல, யாழ்ப்பாணத்தில். பதினைந்து வயதில் ஒரு கராஜில் கையாளாகச் சேர்ந்தாராம். அது 1990க்குப் பிறகான பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் கிடைக்காது. ஊரில் ஓடியவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் சோமசெற், கேம்பிரிட்ஜ் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளிகளும் பிள்ளைப்பேற்றுக்காரரும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரியவர்களுக்கு அந்தப் புகை மணம் இன்றும் நினைவிருக்கும்.

மொறிஸ் மைனர் 1948இல் வந்த கார். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. அதன் முன் சில்லுகளைத் தாங்குவது சுருள் வில் அல்ல, நீளமான ஒரு முறுக்குத் தண்டு. துணி பிழியும்போது துணி முறுகுவது போல அந்த இரும்புத் தண்டு முறுகி, பள்ளத்தின் அடியைத் தாங்கும். நமது ஹைஏஸிலும் அதே முறைதான். அதனால் மாமாவுக்கு வானின் முன்பக்கத்தைப் பார்த்ததும் பழைய சிநேகிதரைக் கண்டது போல இருந்ததாம்.

மொறிஸ் மைனருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. முன் சில்லின் காலைக் கீழே தாங்கும் மூட்டு ஒரு திருகுப் பிடி. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் கால் கழன்று, சில்லு மடங்கி விழுந்துவிடும். "கிறீஸ் வாங்கக் காசில்லாத நேரத்திலும் எங்கட முதலாளி அந்த மூட்டுக்குக் கிறீஸ் அடிக்காமல் ஒரு காரையும் வெளியே விடமாட்டார்" என்று மாமா சொன்னார். "உள்ளே கர்ப்பிணிப் பெண் இருப்பாளடா என்று சொல்லித்தான் எங்களுக்கு வேலை பழக்கினவர்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் கிடைக்காத ஊரில் அந்த மூட்டைக் கவனித்தார்கள். எல்லாம் கிடைக்கும் ஊரில் நாங்கள் பனிக்காலம் முடியட்டும் என்றோம்.

இரண்டு சனிக்கிழமைகள்

செயற்குழு மறுபடி கூடியது. இந்த முறை விவாதம் நீளவில்லை. ஒலிபெருக்கிக்குச் சேர்த்த காசில் பாதிக்கு மேல் உதிரிப்பாகங்களுக்குப் போனது. கராஜ் சொந்தக்காரர் நோர்வேஜியர். சபையின் வான் என்று கேள்விப்பட்டு, இரண்டு சனிக்கிழமைகள் தூக்கியைப் பாவிக்கத் தந்தார். வேலை முடிந்ததும் தானே பார்த்த பிறகுதான் வானை வெளியே விடுவேன் என்றும் சொல்லிவிட்டார். இளைஞர் சிலர் கைக்கு உதவியாக நின்றார்கள். நான் தேநீர் கொண்டுபோய், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சனிக்கிழமை முழுவதும் துருவோடு போராட்டம். பழைய மூட்டின் நட்டு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, சூடாக்கி, மறுபடி முயன்று, மத்தியானத்துக்குப் பிறகுதான் கழன்றது. வலது மூட்டு மட்டும்தானே தேய்ந்தது, இடதை விட்டுவிடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். "இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே உப்பைக் குடித்தவர்கள்" என்று மாமா சிரித்தார். இரண்டு பக்கமும் மாற்றினார்கள். பிறேக் டிஸ்க்கும் பாட்டும் எப்போதும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் குறைவாகவும் பிடித்தால், வழுக்கும் றோட்டில் வான் சுழன்றுவிடும்.

இரண்டாம் சனிக்கிழமை புதிய கலிப்பர், டிஸ்க், பாட், ரப்பர்க் குழாய் பூட்டி, பழைய திரவத்தை வெளியேற்றினார்கள். ஒரு தம்பி உள்ளே இருந்து மிதிக்க, மாமா சில்லடியில் சிறிய திருகைத் திறந்து மூடினார். "மிதி", "பிடி", "விடு" என்று மணிக்கணக்காக அந்தச் சத்தம்தான். பழுப்புத் திரவம் போய், குமிழிகள் போய், தெளிந்த திரவம் வந்தது. மிதி கல்லைப் போல நின்றது.

பிறகு சோதனை நிலையத்தில் உருளைகளின் மேல் வானை ஏற்றி, இடது சில்லும் வலது சில்லும் எவ்வளவு பலமாகப் பிடிக்கின்றன என்று தனித்தனியே அளந்தார்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டு சில்லுகளுக்கும் இடையே 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தேறாது. நமது வானில் இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறின. தூக்கிப் பார்த்தபோது சில்லு அசையவில்லை. சில்லுகளின் நேர்கோட்டையும் சரிபார்த்தார்கள். அடுத்த ஞாயிறு வான் முதலில் போனது, வீட்டோடு இருந்த ஒரு வயதான அம்மாவின் வாசலுக்கு. நாலு கிழமைக்குப் பிறகு அவர் அன்றுதான் ஆராதனைக்கு வந்தார்.

கைப்பிடிச்சுவர்

அன்று போதகர் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு சிறிய கட்டளையை எடுத்துப் பேசினார். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். ஜெபம் பண்ணிவிட்டு மாடியில் நடக்கும்படி அங்கே சொல்லப்படவில்லை, சுவர் கட்டும்படிதான் சொல்லப்பட்டிருக்கிறது. கட்டுகிற கையும் ஜெபத்தின் ஒரு பங்குதான் என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

இந்த நாடும் அந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1970இல் நோர்வே வீதிகளில் 560 பேர் இறந்தார்கள். இந்நாட்டு வரலாற்றில் அதுதான் மிக மோசமான ஆண்டு. 2020இல் அந்தத் தொகை 93 ஆகக் குறைந்தது. இந்த ஐம்பது ஆண்டுகளில் வண்டிகள் பல மடங்கு பெருகியும் இது நடந்திருக்கிறது. இருக்கைப் பட்டி, நல்ல வீதிகள், வேகக் கட்டுப்பாடு, நல்ல பிறேக், ஒழுங்கான சோதனை என்று பலர் பல கைப்பிடிச்சுவர்களைக் கட்டினார்கள். விபத்து நடந்த பிறகு நோயாளியைக் கவனிப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. அதற்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள். விபத்து நடக்காமல் பண்ணியவரை யாரும் காண்பதில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வது?

ஆகையால் இந்த மலரில் அந்த நன்றியைச் சொல்லிவிடுகிறேன். முணுமுணுப்பைக் கேட்டும் வானை நிறுத்திய அந்த அண்ணனுக்கு நன்றி. பிந்திச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்கிறேன். இரண்டு சனிக்கிழமையும் கையெல்லாம் கிறீஸோடு நின்ற மாமாவுக்கும் தம்பிமாருக்கும் நன்றி.

அந்த வான் மேலும் பல ஆண்டுகள் ஓடியது. கடைசியில் துரு அடிச்சட்டத்தையே பிடித்துக்கொண்டதால் அதை உடைக்கக் கொடுத்தோம். அன்று மாமா தொடங்கிய கொப்பி ஒன்று இன்றும் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. திரவம் மாற்றிய திகதி, பாட்டின் தடிப்பு, கேட்ட சத்தம், கேட்டவர் பெயர் எல்லாம் அதில் உண்டு. இப்போதுள்ள வானுக்கும் அதே கொப்பியில்தான் எழுதுகிறோம்.

பிள்ளைகளே, வானில் போகும்போது ஒரு புதுச் சத்தம் கேட்டால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று அவர்கள் சொன்னால் இன்னொரு தரம் சொல்லுங்கள். கொப்பியில் உங்கள் பெயரையும் எழுதுவோம்.